வரிசையில் சிக்கும் விளையாட்டு

வீட்டுக் கணினியில் ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டாயிற்று, ஸ்பீடு டெஸ்ட்டில் நூறும் காட்டுகிறது, ஆனாலும் முக்கியமான நேரத்தில் கேம் லேக் அடிக்கிறது. எதிரியைச் சுட்டால் அவன் ஏற்கெனவே சுவருக்குப் பின்னால் போய்விட்டிருக்கிறான். புகாரைக் கேட்டதும் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னும் பெரிய பிளானுக்கு மாறுங்கள். கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையும் அதைத்தான் சொல்கிறது. இந்தப் பதில் தவறு என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் சரிசெய்யக்கூடிய லேக்கில் பெரும்பகுதி வேகம் போதாமல் வருவதில்லை; ரௌட்டரிலும் வைஃபையிலும் பாக்கெட்டுகள், அதாவது தகவலின் சிறு துண்டுகள், வரிசையில் காத்துக் கிடப்பதால் வருகிறது. அந்த வரிசையைக் குறைக்கும் வழி பத்தாண்டுக்கும் மேலாகப் பொதுவில் இருக்கிறது, அதுவும் இலவசமாக. அது நம் வீடுகளுக்கு வந்து சேராததுதான் இன்று பேச வேண்டிய விஷயம்.

முதலில் வேகம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொள்வோம். எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தகவல் வரும் என்பதன் அளவு. பிங் என்பது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்பதன் அளவு. சினிமா பார்க்க முதல் அளவு முக்கியம். கேம் ஆட இரண்டாவது. வேலரண்ட் கேமின் சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு மில்லிசெகண்டுகூட இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் நொடிக்கு 64 முறை. ஆனால் ஒவ்வொரு முறையும் போய்வரும் தகவல் மிகச் சிறியது: நான் இங்கே நிற்கிறேன், இந்தப் பக்கம் பார்க்கிறேன், இந்தப் பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். ஒரு எச்டி வீடியோ ஓடத் தேவைப்படுவதில் சிறு பங்கு இருந்தால் போதும், கேம் நன்றாக ஓடும். நூறு எம்பிபிஎஸ் வைத்திருப்பவர் முந்நூறுக்கு மாறினால் கேமுக்கு அதில் நேரடியாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பிங் காட்டும் தாமதத்தில் ஒரு பங்கை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. வெற்றிடத்தில் ஓடுவதில் இது மூன்றில் இரண்டு பங்கு. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் போய்த் திரும்ப ஒளிக்கே 32 மில்லிசெகண்டு தேவை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறவருக்கு அதற்குக் கீழே பிங் தருவேன் என்று எந்த மென்பொருள் சொன்னாலும் அது இயற்பியலோடு மோதுகிறது. மும்பைக்குச் சாலைவழித் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். அங்கே இந்த அடிப்படைத் தாமதம் 13 மில்லிசெகண்டுதான். அதனால் கேமின் அமைப்புகளில் சர்வர் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், எல்லாவற்றுக்கும் முன்பு அதைச் சரிபார்க்க வேண்டும். தானாகத் தேர்ந்தெடு என்று விட்டுவைத்து, தொலைதூர சர்வரில் ஆடிக்கொண்டு ரௌட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை.

நிலையான தாமதம் ஓரளவு இருந்தாலும் அதைச் சமாளிக்கும் கலையைக் கேம் எழுதுகிறவர்கள் எப்போதோ கற்றுவிட்டார்கள். 1996-இல் குவேக் கேமின் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்டில் ஜான் கார்மாக், சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுகிறவரின் நகர்வை அவர் கணினியே முன்கூட்டிக் கணித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். 2001-இல் வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் ஒரு கட்டுரையில் அடுத்த படியை விளக்கினார்: நீங்கள் சுட்ட செய்தி சர்வரை அடையும்போது, நீங்கள் சுட்ட அந்தக் கணத்தில் மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்று சர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் நாற்பது, ஐம்பது மில்லிசெகண்டு பிங் உள்ளவர் பெரிய குறை இல்லாமல் ஆட முடிகிறது. ஆனால் இவை தாமதம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். இந்த நொடி 30, அடுத்த நொடி 180, பிறகு 60 என்று ஏறி இறங்கினால் கணிப்பு பொய்க்கிறது, பாத்திரம் இழுத்துப் பின்னால் போடப்படுகிறது, ஆடுகிறவர் அதை லேக் என்கிறார். ஆகவே நம்மைத் துன்புறுத்துவது பெரும்பாலும் தூரம் அல்ல, இந்த ஏற்ற இறக்கம். கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் ஒரே இரவில் நீண்டு சுருங்குவதில்லை; எனவே ஏற்ற இறக்கத்தின் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடத்தை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் ஜிம் கெட்டிஸ். எக்ஸ் விண்டோ என்ற வரைகலை அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2010-இல் பெல் ஆய்வகத்தில் இருந்தார். தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது மற்ற எல்லாம் ஏன் முடங்குகின்றன என்று அளந்து பார்த்தார். பிங் ஒரு நொடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. காரணம் மோடத்துக்குள் இருந்த பஃபர், அதாவது அனுப்ப முடியாத பாக்கெட்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நினைவகம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மோடத்தில் 256 கிலோபைட் பஃபர் இருக்கிறது, அப்லோடு வேகம் 1 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 256 கிலோபைட் என்பது ஏறக்குறைய 21 லட்சம் பிட். நொடிக்குப் பத்து லட்சம் பிட் வெளியேறும் வாசலில் அது காலியாக இரண்டு நொடி ஆகும். பஃபர் நிறைந்திருக்கும்போது உங்கள் கேமின் குட்டிப் பாக்கெட் வந்தால் அதுவும் கடைசியில் நின்று இரண்டு நொடி காத்திருக்கும். அப்லோடு 20 எம்பிபிஎஸ் ஆனால் அதே பஃபர் காலியாக நூறு மில்லிசெகண்டுதான் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவிகள் அவை தாங்கக்கூடிய உச்ச வேகத்துக்கு ஏற்றபடி பஃபரோடு வருகின்றன. ஒரு மெகாபைட் பஃபர் உள்ள பெட்டியில் நூறு எம்பிபிஎஸ் இணைப்புகூட எண்பது மில்லிசெகண்டுக்கு மேல் கூட்டிவிடும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே ஒளி ஆறு முறை போய்வரும் நேரம் அது, வீட்டை விட்டு வெளியே போவதற்கு முன்பே.

பஃபர் ஏன் நிறைகிறது என்றால், நிறைப்பதுதான் இணையத்தின் வழக்கம். கோப்புகளை ஏற்றி இறக்கும் டிசிபி நெறிமுறை ஒரு பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தொலைந்தது தெரிந்ததும் வேகத்தைக் குறைக்கும். 1986-இல் இணையம் நெரிசலில் முடங்கி, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் ஓடிய இடத்தில் 40 பிட் மட்டும் ஓடியது. அதற்குப் பிறகு வான் ஜேக்கப்சன் வகுத்த முறை இது. 1988-இல் கட்டுரையாக வெளிவந்தது. இந்த முறைக்குப் பாக்கெட் இழப்பு ஒரு எச்சரிக்கை மணி. நினைவகம் மலிவானதும் கருவி செய்கிறவர்கள் ஒரு பாக்கெட்டையும் இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பஃபரைப் பெருக்கினார்கள், மணி அடிப்பது தாமதமானது. ஜான் நேகல் 1985-இலேயே எழுதியிருந்தார்: ஒரு சுவிட்சுக்கு எல்லையற்ற நினைவகம் கொடுத்தாலும் நெரிசல் தீராது, பாக்கெட்டுகள் வரிசையிலேயே காலாவதியாகும் என்று. கால் நூற்றாண்டு கழித்து வீடுவீடாக அதையே மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் நீங்கள் ஆடும்போது வீட்டில் ஒருவரின் போன் புகைப்படங்களை கூகுள் போட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறது, இன்னொரு கணினி விண்டோஸ் அப்டேட்டை இறக்குகிறது. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. வரிசை மட்டும் நிறைந்துவிடுகிறது.

இதற்கு மருந்தை முன்வைத்தவர்களும் அதே வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்ஸும்தான். 2012-இல் அவர்கள் வெளியிட்ட கோடெல் என்ற முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. நூறு மில்லிசெகண்டு காலம் முழுவதும் காத்திருப்பு ஐந்து மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே கைவிடும். அனுப்புகிறவருக்கு மணி சரியான நேரத்தில் அடிக்கிறது. அதே ஆண்டு எரிக் டுமாசே இதோடு இன்னொன்றைச் சேர்த்து எஃப்க்யூ கோடெல் என்று லினக்ஸில் எழுதினார்: எல்லாப் பாக்கெட்டுகளையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுத்து மாறிமாறி அனுப்புவது. வங்கிக் கவுன்டரில் நூறு படிவங்களோடு ஒருவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஒரே ஒரு படிவத்தோடு ஒருவர். ஊழியர் அவரிடம் ஒன்று, இவரிடம் ஒன்று என்று வாங்கினால் இரண்டாமவர் உடனே போய்விடுவார், முதலாமவருக்கு ஒரே ஒரு படிவம்தான் தள்ளிப்போகும். கேமின் பாக்கெட் அந்த ஒற்றைப் படிவம். இதன் அடுத்த வடிவமான கேக், 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது. இந்த வேலைகளை ஒருங்கிணைத்து, நிறுவனங்களிடம் மன்றாடி, சோதித்து, மீண்டும் மன்றாடி ஓய்வில்லாமல் உழைத்தவர் டேவ் டாட். 2025 ஏப்ரலில் அவர் காலமானார். இன்று ஒழுங்காக ஓடும் எத்தனையோ வீடியோ அழைப்புகளுக்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. அவர் பெயரை ஒரு தமிழ் மேடையில் நன்றியோடு சொல்ல விரும்புகிறேன்.

வீட்டில் இதைச் செய்வது எப்படி? ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்கும் ரௌட்டராகப் பார்த்து வாங்கி, நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் வைத்து, எஸ்க்யூஎம் என்ற பகுதியை நிறுவ வேண்டும். சில நிறுவனங்களின் ரௌட்டர்களில் இந்த வசதி வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கும். அதில் நம் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணைக் கொடுக்க வேண்டும். நூறு என்றால் தொண்ணூறு. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். டவுன்லோடு வரிசை இணைய நிறுவனத்தின் பக்கத்தில் அல்லவா உருவாகிறது, அதை நம் ரௌட்டர் எப்படிக் கட்டுப்படுத்தும்? விடை அந்தத் தொண்ணூறில் இருக்கிறது. வழியிலேயே மிகக் குறுகிய இடம் நம் ரௌட்டர் என்று ஆகிவிட்டால் வரிசையும் நம்மிடம்தான் உருவாகும்; நம்மிடம் உருவாகும் வரிசையை நம்மால் ஆள முடியும். நிறுவனத்தின் பெட்டியில் பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நிரம்ப வாய்ப்புக் கிடைக்காது.

பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்து சதவீதத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும், ஒருவரின் கேமுக்காக வீட்டிலுள்ள எல்லாரும் அதை இழக்க வேண்டுமா என்பது அடுத்த ஆட்சேபம். கோப்பு இறங்க ஒன்பது நிமிடம் ஆனது பத்து நிமிடம் ஆகும். அது உண்மையான இழப்புதான். ஆனால் அதற்கு ஈடாகக் கிடைப்பது கேம் ஆடுகிறவருக்கு மட்டும் உரியதல்ல. மாடியில் அலுவலக மீட்டிங்கில் இருப்பவரின் குரல் விட்டுவிட்டு வராது, வெளிநாட்டிலிருக்கும் மகளோடு வீடியோவில் பேசும் அம்மாவுக்கு முகம் உறையாது, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு நடுவில் சுழலாது. எல்லாம் அதே வரிசையில் நின்று தவித்தவைதான். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஐந்நூறு எம்பிபிஎஸ், ஒரு ஜிபிபிஎஸ் இணைப்புகளில் இந்த வேலையைச் செய்ய மலிவான ரௌட்டர்களின் செயலிக்குத் திறன் போதாது, வேகம் பாதியாகக்கூடும். இதை நான் மறுக்கவில்லை. அத்தகைய வீடுகளில் வரிசை நிறையும் நேரமும் குறைவு. அங்கே காசில்லாத வழியிலேயே பெரும்பகுதியை முடித்துவிடலாம். விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் அமைப்பில் அப்டேட்டுக்கு வேக வரம்பு வைக்கலாம். ஸ்டீமில் டவுன்லோடுக்கு வரம்பு வைக்கலாம். நீங்கள் ஆடும்போது ஸ்டீம் தானாகவே டவுன்லோடை நிறுத்தும், ஆனால் பக்கத்து அறையிலுள்ள கணினியின் ஸ்டீமுக்கு நீங்கள் ஆடுவது தெரியாது. கிளவுட் பேக்கப்புகளை நள்ளிரவுக்குத் தள்ளலாம்.

இதுவரை சொன்னது கம்பியில் நிற்கும் வரிசை. காற்றில் நிற்கும் வரிசை இதைவிடக் கொடியது, அதனால் இதில் சமரசமே வேண்டாம் என்பேன். வைஃபையில் பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரௌட்டர்கள் அந்த மூன்றையும் பங்குபோடுகின்றன. பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. இதில் இன்னொரு சிக்கலை 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள்: தூரத்தில் மெதுவான இணைப்பில் உள்ள ஒரு கருவி எல்லாரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். 1,500 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்ப 54 எம்பிபிஎஸ் கருவிக்குக் கால் மில்லிசெகண்டுக்கும் குறைவாக ஆகும். 1 எம்பிபிஎஸில் திணறும் கருவிக்குப் பன்னிரண்டு. சமையலறை மூலையில் சிக்னல் இல்லாமல் தவிக்கும் பழைய போன் ஒன்று உங்கள் ஆட்டத்தைக் கெடுப்பது இப்படித்தான். காற்றில் தொலைந்த பாக்கெட்டை வைஃபை தானே மறுபடி மறுபடி அனுப்பும், ஆகவே இழப்பு நமக்கு இழப்பாகத் தெரியாமல் பிங் ஏறுவதாகத் தெரியும். மலிவான எக்ஸ்டெண்டர் வாங்கி வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே காற்றில் இருமுறை பயணம் செய்யும். இவை எல்லாவற்றுக்கும் மாற்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேட் 6 லேன் கேபிள். நூறு மீட்டர் வரை போகும், தாமதம் ஒரு மில்லிசெகண்டைக்கூடத் தொடாது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது என்பார்கள். கதவு நிலையை ஒட்டி, தரை விளிம்பில் கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். அதுவும் முடியாதவர்கள் கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரௌட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து அதே அறைக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு இருக்க, ஆடுகிறவர்கள் தேடிப் போவது வேறு வைத்தியங்களை. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் நேகல் முறையை அணைத்துவிடு என்பது பிரபலமான ஒன்று. அது டிசிபியைச் சேர்ந்தது. வேகமான ஷூட்டர் கேம்கள் பெரும்பாலும் யுடிபி என்ற வேறொரு நெறிமுறையில் ஓடுகின்றன, அவற்றை அது தொடவே தொடாது. டிசிபியில் ஓடும் சில கேம்களில் பயன் இருக்கலாம், அவ்வளவுதான். விண்டோஸ் இருபது சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கிவைக்கிறது என்ற வதந்தி எக்ஸ்பி காலத்திலிருந்து சுற்றுகிறது. முன்னுரிமை கேட்கும் மென்பொருள் அதைப் பயன்படுத்தாதபோது மற்றவை முழு வேகத்தையும் எடுத்துக்கொள்ளும் என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே விளக்கிவிட்டது. டிஎன்எஸ் மாற்றுவது சர்வரின் முகவரியைத் தேடும் முதல் கணத்தோடு முடிந்துபோகும் வேலை. ஆட்டம் தொடங்கிய பிறகு அதற்கு வேலையே இல்லை. விபிஎன், கேம் பூஸ்டர் ஆகியவை உங்கள் நிறுவனம் பாக்கெட்டைச் சுற்றுவழியில் அனுப்பும்போது மட்டும் உதவலாம். வரிசை வீட்டுக்குள் இருக்கும்போது அவற்றால் எதுவும் மாறாது. இவற்றை நம்பிச் செலவழிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் என்பதுதான் வருத்தம்.

எது வீட்டுக் கோளாறு, எது வெளிக் கோளாறு என்று பிரித்தறியக் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் இரண்டு கட்டளைகள் போதும். ஒரு ஜன்னலில் ரௌட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் அது 192.168.1.1, பிங் ஓடவிடுங்கள், இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8-க்கு. எதுவும் ஓடாதபோது ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டே பாருங்கள். முதல் ஜன்னலிலேயே எண் துள்ளினால் பெரும்பாலும் கோளாறு வைஃபையில். முதலாவது அமைதியாக இருந்து, ஏற்றும்போது மட்டும் இரண்டாவது ஏறினால் வரிசை பஃபரில். யாரும் எதையும் ஏற்றாதபோதும், லேன் கேபிளில் இருக்கும்போதும், தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டாவது ஏறுகிறது என்றால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல். அங்கே உங்கள் ரௌட்டர் எதுவும் செய்ய முடியாது, புகார் கொடுப்பதும் நிறுவனத்தை மாற்றுவதுமே வழி. அந்தப் புகாரில் லேக் அடிக்கிறது என்று மட்டும் சொன்னால் பிளானை உயர்த்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கேபிளில் எடுத்தது, இத்தனை மணிக்கு, சும்மா இருக்கும்போது இவ்வளவு, சுமையோடு இவ்வளவு என்று எண்களாகச் சொன்னால் பொறியாளரிடம் போய்ச் சேர வாய்ப்புண்டு.

இதெல்லாம் ஏன் ஆடுகிறவரின் தலையில் விழ வேண்டும் என்று கேட்பீர்கள். விழக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். கேபிள் மோடம்களுக்கான டாக்சிஸ் 3.1 தரம் வரிசையைக் கட்டுப்படுத்தும் முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வரிசைத் தாமதத்தைக் குறைக்கும் எல்4எஸ் என்ற புதிய தரம் 2023 ஜனவரியில் வெளியானது; அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அதாவது இது ஆய்வகக் கனவு அல்ல, பெரிய நிறுவனங்கள் நடைமுறைப்படுத்தும் வேலை. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் இன்னும் எம்பிபிஎஸ் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கிறது. சுமையின்போது பிங் எவ்வளவு என்ற எண்ணை இப்போது ஊக்லா, கிளவுட்ஃபிளேர் சோதனைகளே காட்டுகின்றன. மேக் கணினிகளில் 2021-இலிருந்து அதற்கென ஒரு கட்டளையே இருக்கிறது. அளக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அடுத்தமுறை உங்கள் வீட்டுக்கு ஃபைபர் இழுக்க வருகிறவர் ஸ்பீடு டெஸ்ட்டில் நூறு காட்டிவிட்டுக் கையெழுத்து கேட்கும்போது, அதே திரையில் கீழே இருக்கும் அந்த எண்ணையும் காட்டச் சொல்லுங்கள்.